உத்திரமேரூர் வழியில் ஒரு பழைய புல்லட்

தாம்பரத்திலிருந்து உத்திரமேரூர் செல்லும் வழி நமக்குப் புதியதன்று. பேருந்தில் பன்முறை சென்றிருக்கிறோம். ஆனால் சன்னலோரம் அமர்ந்து உறங்கியபடி செல்வதற்கும், ஏறத்தாழ ஐம்பது வயதுடைய மோட்டார் சைக்கிளின் பின்னிருக்கையில் அமர்ந்து செல்வதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. சாலையின் ஒவ்வொரு பள்ளமும் நம் முதுகெலும்பில் தன் கையொப்பத்தை இட்டுவிட்டே போகும். சென்ற தை மாதத்தில் நாம் மேற்கொண்ட பிரயாணம் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. அதன் நோக்கம் கோயில் பார்ப்பதோ கல்வெட்டு வாசிப்பதோ அன்று. ஒரு புல்லட் வண்டியின் ஃபுட்ரெஸ்ட்டை இடம் மாற்றுவதற்காகவே போனோம்.

வாசகர்கள் நகைக்கலாம். கால் வைக்கும் இரும்புத் துண்டு ஒன்றை மாற்ற இத்தனை தொலைவா என்று நம் வீட்டிலும் கேட்டார்கள். காரணத்தைச் சொல்லிவிடுகிறோம்.

வண்டியின் சொந்தக்காரர் நமக்கு மூத்தவர். ஒரே பள்ளியில் நம்முடன் பணியாற்றி ஓய்வு பெற்ற கணித ஆசிரியர். வயது 68. வண்டி 1976 ஆம் ஆண்டு மாடல். 1984 இல் ஒரு மருத்துவரிடமிருந்து அதை அவர் வாங்கினார். அன்று முதல் பள்ளிக்கும் சந்தைக்கும், மனைவியின் பிறந்தகமாகிய உத்திரமேரூர்ப் பக்கத்துச் சிற்றூருக்கும் அதுவே அவருடைய வாகனம். பிள்ளைகள் இருவரையும் பெட்ரோல் டாங்கின் மீது உட்காரவைத்து ஊர் சுற்றிய வண்டி. சில ஆண்டுகளாக அவருடைய முழங்கால்கள் இரண்டிலும் தேய்மானம், இடக்காலில் அதிகம். அரை மணி நேரம் ஓட்டினால் இறங்கி நிற்கவே சுவரைப் பிடிக்கவேண்டிய நிலை. “இனி இது வேண்டாம், பழைய புல்லட்டுக்கு இப்போது நல்ல விலை” என்று மூத்த மகன் ஒருவரை அழைத்து வந்து விலையும் பேசிவிட்டான். மாத இறுதிவரை அவகாசம் கேட்டிருந்தார் ஆசிரியர்.

இதற்குமுன் ஒரு முயற்சி நடந்து, அது விபரீதத்தில் முடிந்திருந்தது. நகரத்துப் பட்டறை ஒன்றில், வண்டியின் முன்னேயுள்ள லெக் கார்டில் இரண்டு கால்மிதிகளைப் பூட்டிக் கொடுத்தார்கள். காலை நீட்டி வைத்துக்கொண்டு போகலாம்; வலி தெரியாது என்றார்கள். உண்மைதான், வலி தெரியவில்லை. மூன்றாம் நாள் ஒரு வேகத்தடையின் முன் ஆட்டுக்குட்டி ஒன்று குறுக்கே பாய்ந்தபோது, நீட்டியிருந்த இடக்காலை மடக்கிப் பிரேக்கின்மீது கொண்டுவருவதற்குள் வண்டி தடையில் ஏறிச் சரிந்துவிட்டது. வேகம் குறைவாயிருந்தபடியால் சிராய்ப்போடு போயிற்று. அந்தக் கால்மிதிகளை அன்றே கழற்றி எறிந்தார். அத்தோடு வண்டி ஓட்டும் ஆசையையும் எறிந்துவிடுவார் என்றே நாம் எண்ணினோம். அவரோ, “உத்திரமேரூரில் நம் பழைய மேஸ்திரி இருக்கிறார். அவர் முடியாது என்று சொன்னால் விற்றுவிடுகிறேன்” என்றார். அதற்குச் சாட்சியாகவே நம்மை உடன் அழைத்தார் போலும்.

காலை 6 மணிக்குப் புறப்பட ஏற்பாடு. ஆனால் புல்லட் நம் ஏற்பாட்டுக்குக் கட்டுப்பட்டதன்று. “நீங்கள் உதையுங்கள்” என்று கிக்கரை நம்மிடம் ஒப்படைத்தார். நாம் பலத்தையெல்லாம் திரட்டி உதைத்தோம். அது திருப்பி உதைத்தது. கணுக்காலைத் தேய்த்துக்கொண்டு விலகினோம். ஆசிரியர் புன்னகையுடன் அருகில் வந்து, இடக்கைப்பக்கம் இருந்த சிறு டிகம்ப்ரஷன் நெம்பைப் பிடித்து, ஆம்பியர் முள் நடுவே வந்து நிற்கும்வரை கிக்கரை மெல்ல அழுத்தி, பிஸ்டன் மேல்நிலையைக் கடந்ததை அறிந்து, நெம்பை விட்டு ஒரே சீராக ஒரு மிதி மிதித்தார். வண்டி கனைத்தது. பலத்தால் ஆகாதது பக்குவத்தால் ஆயிற்று.

முடிச்சூர், படப்பை கடந்து ஒரகடம் வரும்வரை சாலை அகன்று, வழவழப்பாக இருந்தது. ஒருகாலத்தில் ஏரியும் வயலுமாய் இருந்த இப்பகுதியில் இன்று கார், லாரி, மோட்டார் சைக்கிள் தொழிற்சாலைகள் வரிசையாய் நிற்கின்றன. அவற்றுள் ஒன்றின் வாயிலருகே ஆசிரியர் வண்டியை நிறுத்தினார். கால் வலியா என்று கேட்டோம். “வலியும்தான். ஆனாலும் இது இதற்குத் தாய்வீடு அல்லவா; ஒரு நிமிடம் பார்த்துவிட்டுப் போகட்டும்” என்றார்.

சரியாகச் சொன்னால் தாய்வீடு அன்று, தங்கையின் வீடு. 1950களின் தொடக்கத்தில், இந்தியப் படையின் எல்லைக் காவலுக்கென்று இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு கம்பெனியிடமிருந்து 350 சி.சி. புல்லட்டுகள் வாங்கப்பட்டன. 1955 இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தாரும் அந்தக் கம்பெனியாரும் கூடி, என்ஃபீல்டு இந்தியா என்னும் நிறுவனத்தைச் சென்னையில் தொடங்கினர். அதன் ஆலை திருவொற்றியூரில் எழுந்தது. முதலில் உறுப்புகள் கப்பலில் வந்தன, இங்கே பூட்டினார்கள். சில ஆண்டுகளில் அச்சுகளும் கருவிகளும் வந்து சேர்ந்தன. எல்லா உறுப்புகளும் இங்கேயே வார்க்கப்பட்டன. 1970 இல் இங்கிலாந்தில் உற்பத்தி நின்றே போயிற்று. தாய் மறைந்தபின்னும் திருவொற்றியூரில் பிள்ளை வளர்ந்துகொண்டிருந்தது. 70 மில்லிமீட்டர் விட்டமும் 90 மில்லிமீட்டர் நீள ஓட்டமும் கொண்ட அந்த வார்ப்பிரும்பு இயந்திரம், அதே ‘தட தட’ ஓசையுடன் பல பத்தாண்டுகள் மாறாமல் இருந்தது. ஒரகடத்து ஆலை 2013 இல்தான் திறக்கப்பட்டது. அதன் வாயிலிலிருந்து புத்தம்புதிய வண்டிகளை ஏற்றிய லாரி ஒன்று வெளியே வந்தது. ஆசிரியர் அதையும் தம் வண்டியையும் மாறிமாறிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

வாலாஜாபாத்தில் தேநீர். அங்கிருந்து செங்கல்பட்டுச் சாலையில் சிறிது தூரம் சென்றால் பழைய சீவரம். அங்கே வலப்புறம் திரும்பிப் பாலாற்றுப் பாலத்தில் ஏறினோம். மழைக்காலம் முடிந்து அதிக நாள் ஆகாததால் மணற்படுகையின் ஓரமாய்ச் சிறிது நீர் ஓடியது. எதிர்க்கரையில் திருமுக்கூடல். பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகிய மூன்றும் கூடுமிடமாதலால் இப்பெயர். பாலத்தின் முடிவில் ஆசிரியர் இறங்கி, இடக்காலை நீட்டி நீட்டி மடக்கினார்; முகம் சுருங்கியது.

இவ்விடத்தில் நிற்க நேர்ந்ததில் ஒரு பொருத்தம் இருந்தது. ஆற்றங்கரையிலுள்ள பெருமாள் கோயிலின் சுவரில், 11 ஆம் நூற்றாண்டில் ஆண்ட வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. வேதம் கற்கும் மாணாக்கருக்கான விடுதியும், அதனோடு 15 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை ஒன்றும் இங்கே நடந்தமையை அது தெரிவிக்கிறது. மருத்துவர் ஒருவர், அறுவை செய்வார் ஒருவர், மூலிகை கொணர்வோர், நோயாளரைப் பேணும் பெண்கள், நாவிதர் ஆகியோருக்கு அளக்கவேண்டிய நெல் எவ்வளவு, இருப்பில் வைக்கவேண்டிய மருந்துகள் எவை என்றெல்லாம் கணக்காய்ச் சொல்கிறது. “முட்டி வலிக்கு எண்ணெய் ஏதாவது எழுதியிருக்கிறதா பாருங்கள்” என்றார் ஆசிரியர். எழுதிய மருந்துகள் பல. ஆனால் நம்மிடமிருந்தது தைலப் புட்டி ஒன்றே. அதைத் தடவிக்கொண்டு மீண்டும் ஏறினார்.

அதற்கப்பால் சாலை குறுகிற்று. இருபுறமும் நெல் வயல்கள். சில இடங்களில் அறுவடை தொடங்கியிருந்தது. இடையிடையே சவுக்குத் தோப்பும், தொலைவில் பாதி வெட்டப்பட்ட குன்றுகளும் தென்பட்டன. கல் குவாரிகளிலிருந்து வரும் லாரிகள் சாலையை உழுது வைத்திருந்தன என்றால் மிகையாகாது. இந்த இடத்தில்தான் ஃபுட்ரெஸ்ட்டின் உண்மையான பயனை நாம் கண்கூடாய்க் கண்டோம். பள்ளம் வருமுன் ஆசிரியர் இரு கால்களையும் ஊன்றி, இருக்கையிலிருந்து அரை அங்குலம் உடலை உயர்த்துவார். அதிர்ச்சி கால்களோடு நின்றுவிடும். பின்னால் இருந்த நமக்கு அந்த வித்தை வசப்படவில்லை. ஆனால் ஒவ்வொரு முறை உயர்த்தும்போதும் அவருடைய தோள் இறுகுவதைக் கண்டோம். காலை லெக் கார்டில் நீட்டி வைத்துக்கொள்பவர் இவ்வாறு உயரவே முடியாது; அவருடைய இடுப்பெலும்புதான் எல்லா அடியையும் வாங்கவேண்டும். நகரத்துப் பட்டறைக்காரர் இதை எண்ணிப் பார்க்கவில்லை.

உத்திரமேரூர் ஏரிக்கரையை அடைந்தபோது மணி பத்தரை. பல்லவர் காலத்தில் வைரமேக தடாகம் என வழங்கிய ஏரி இது. நீர் பரந்து, கொக்குகள் வரிசையாய் நின்றன.

மேஸ்திரியின் பட்டறை கடைத்தெருவை விட்டுச் சற்று ஒதுங்கியது. முன்னே ஒரு வேப்பமரம். உள்ளே ஒரு லேத்து, ஒரு வெல்டிங் செட், சுவர் முழுவதும் ஸ்பானர்கள். மேஸ்திரிக்கும் வயது அறுபதைத் தாண்டியிருக்கும். வண்டியின் ஓசை கேட்டு, அது தெருமுனையில் திரும்பும்போதே, “வாத்தியார் வண்டி” என்று எழுந்து வந்தாராம். அங்கு வேலை பழகும் பையன் சொன்னான்.

கதை முழுவதையும் கேட்டுவிட்டு மேஸ்திரி தலையை ஆட்டினார்.

“காலைத் தூக்கி எங்கேயோ வெச்சுட்டா முட்டி வலி போயிடுமா சார்? பிரேக்கை யாரு மிதிக்கறது?”

வண்டியைப் பெரிய ஸ்டாண்டில் நிறுத்தினார். ஆசிரியரை ஏறி உட்காரச் சொன்னார். ஸ்பானரைத் தொடுவார் என்று நாம் எதிர்பார்த்திருக்க, அவரோ பையனிடம் செங்கல் கொண்டுவரச் சொன்னார். வண்டியின் இரு பக்கமும் செங்கற்களை அடுக்கி, அவற்றின்மேல் மெல்லிய பலகைத் துண்டுகளை ஒவ்வொன்றாய் வைத்தும் எடுத்தும், முன்னே தள்ளியும் பின்னே இழுத்தும், “இப்போ எப்படி? இப்போ?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கால்மணி நேரம் இது நடந்தது. ஓரிடத்தில் ஆசிரியரின் முகம் தளர்ந்தது. “இங்கே சுகமாக இருக்கிறது” என்றார். மேஸ்திரி சாக்குக்கட்டியால் கோடிட்டு, இருக்கையிலிருந்து பலகை வரையிலும், பழைய ஃபுட்ரெஸ்ட்டிலிருந்து பலகை வரையிலும் நூல் பிடித்து அளந்தார். இரண்டேகால் அங்குலம் கீழே. ஒன்றரை அங்குலம் முன்னே.

அதன் காரணத்தை அவர் விளக்கியவாறே நம் மொழியில் தருகிறோம். ஓட்டுபவரின் உடல் மூன்று இடங்களில் வண்டியைத் தொடுகிறது: கைப்பிடி, இருக்கை, கால்மிதி. இம்மூன்றுக்கும் இடையேயுள்ள தொலைவுதான் அவருடைய முழங்கால் எவ்வளவு மடங்கும், முதுகு எவ்வளவு சாயும் என்பதைத் தீர்மானிக்கிறது. இருக்கைக்கும் கால்மிதிக்கும் இடைவெளி குறைந்தால் முழங்கால் மிகுதியாய் மடங்கும். மடங்க மடங்க, முழங்காற்சில்லு தொடையெலும்பின்மீது அழுந்துவதும் மிகும். தேய்ந்த மூட்டுக்கு அதுவே பகை. ஆகவே இடைவெளியைக் கூட்டவேண்டும். கால்மிதியைப் பின்னே தள்ளினால் உடல் முன்சாய்ந்து பாரம் மணிக்கட்டுக்குப் போகும். வெகுவாய் முன்னே தள்ளினால் பாரம் முழுவதும் இடுப்பின் அடிப்பகுதிக்குப் போகும்.

இவ்விரண்டையும் விரும்பிச் செய்தோரும் உலகில் உண்டு. 1950, 60களில் இங்கிலாந்தின் இளைஞர்கள், லண்டன் வட்டச்சாலையிலுள்ள ஏஸ் கஃபே போன்ற சிற்றுண்டிச்சாலைகளில் கூடி, அங்கிருந்து பந்தயம் விடுவதற்காக, கைப்பிடியைத் தாழ்த்திக் கால்மிதியைப் பின்னே ஏற்றிக்கொண்டார்கள். அமெரிக்காவில் சிலர் நேர்மாறாக, சாய்வு நாற்காலியில் இருப்பவர்போலக் காலை முன்னே நீட்டிக்கொண்டார்கள். முன்னவர்க்கு வேகம், பின்னவர்க்கு நீண்ட நேர்ச்சாலை. நம் உத்திரமேரூர்ச் சாலைக்கு இரண்டும் உதவா.

“ரெண்டேகால் அங்குலத்தையும் கீழேயே இறக்க முடியாது சார்” என்று மேஸ்திரி தொடர்ந்தார். அவ்வளவு தாழ்த்தினால் வளைவில் வண்டி சாயும்போது கால்மிதி தரையில் உரசும். மேலும் வலப்புறம் சைலன்சர் குழாய் பக்கத்திலேயே ஓடுகிறது, குதிகால் சுட்டுவிடும். ஆதலால் முக்கால் அங்குலம் மட்டும் கீழே இறக்கி, மீதி ஒன்றரை அங்குலத்தை இருக்கையின் திண்டை உயர்த்தி ஈடுசெய்வது என்று முடிவாயிற்று. அதற்குமுன் ஆசிரியரை வண்டியோடு தரையில் இறக்கி, இருக்கைமேல் மடித்த சாக்கை வைத்து, இரு பாதங்களும் நிலத்தில் முழுமையாய் ஊன்றுகின்றனவா என்று பார்த்தார். குதிகால் சிறிதே எழுந்தது. அது போதும் என்றார்.

ஆனால் இதோடு வேலை முடிவதில்லை என்பதே நாம் அன்று கற்ற முக்கியமான செய்தி. இக்காலத்து வண்டிகளில் கியர் இடக்காலுக்கும் பிரேக் வலக்காலுக்கும் உரியன. பழைய புல்லட்டில் அது தலைகீழ்; கியர் வலப்புறம், பிரேக் இடப்புறம். முதல் கியருக்கு மேலே தூக்கவேண்டும். மற்றவற்றிற்குக் கீழே மிதிக்கவேண்டும். இவையன்றி, கியர் நெம்புக்குப் பின்னே குதிகாலால் அழுத்தும் சிறு நெம்பு ஒன்றும் உண்டு. நியூட்ரல் ஃபைண்டர் என்பர். எந்த மேல்கியரில் இருந்தாலும் அதை ஒருமுறை அழுத்தினால் வண்டி நியூட்ரலுக்கு வந்து நிற்கும். கால்மிதியை ஒன்றரை அங்குலம் முன்னே கொண்டுபோனால் கியர் நெம்பு விரலுக்கு மிக அருகில் வந்துவிடும். நியூட்ரல் நெம்போ குதிகாலை விட்டு விலகிவிடும். பிரேக் பெடலும் பாதத்தின் வளைவுக்குக் கீழே ஒளிந்துகொள்ளும். கால்மிதி இடம் மாறினால் அதனோடு சேர்ந்து இவை மூன்றும் இடம் மாறியாகவேண்டும். ஒன்றை விட்டாலும் வலி போய் விபத்து வரும்.

வேலை தொடங்கிற்று. மேஸ்திரி மூல உறுப்பில் ஒன்றையும் வெட்டவில்லை. கழற்றிய பழைய ஃபுட்ரெஸ்ட் தண்டுகளை எண்ணெய்த் துணியில் சுற்றி ஆசிரியரிடம் கொடுத்தார். “வேண்டாம்னா நாளைக்கே திரும்ப மாட்டிக்கலாம், பழைய வண்டியில வெட்டினது திரும்ப வராது” என்றார். கனத்த இரும்புத் தகட்டில் புதிய தாங்கிகளை அறுத்து, துளையிட்டு, லேத்தில் தண்டுகளைக் கடைந்தார். வெல்டிங் அனைத்தையும் வண்டியிலிருந்து எடுத்துத் தனியே தரையில் வைத்தே செய்தார். ஒரேயோர் இடத்தில் வண்டியின்மேலேயே பற்றவைக்க நேர்ந்தபோது முதலில் பாட்டரியின் இணைப்பைக் கழற்றினார். பெட்ரோல் டாங்கையும் எடுத்து வேப்பமரத்தடியில் வைத்துவிட்டார். இச்சிறு காரியங்களைச் செய்யாமல் தீப்பொறி பறக்கவிடும் பட்டறைகளை நாம் கண்டிருக்கிறோம்.

வெல்டிங் ஆறும்வரை கையைக் கட்டிக்கொண்டிருப்பானேன் என்று நாமும் ஆசிரியரும் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கு நடந்தோம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919 மற்றும் 921 ஆம் ஆண்டுகளில் வெட்டிய கல்வெட்டுகள் இங்குள்ளன. ஊர் 30 குடும்புகளாய்ப் பிரிக்கப்பட்டு, தகுதியுள்ளோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுப்பித்து வாரியங்களுக்கு ஆள் தேர்ந்த முறையை நம் வாசகர்கள் பள்ளிப் பாடத்திலேயே படித்திருப்பார்கள். அது நிலமும் கல்வியும் உடைய அந்தணர் சபையின் ஏற்பாடேயன்றி ஊரார் அனைவரின் வாக்குரிமை அன்று என்பதையும் நினைவிற்கொள்வது நல்லது. ஆயினும் கணக்குக் காட்டாதவனையும் அவன் உறவினரையும் விலக்கிவைத்த கண்டிப்பு வியக்கத்தக்கது. தண்டனையாய்க் கழுதைமேல் ஏற்றப்பட்டவர்களுக்கும் அங்கே இடமில்லை. வாகனம் பற்றிய நம் பிரயாணத்தில் இந்த விதி நம்மைச் சிரிக்கவைத்தது.

வயதுத் தகுதி முதற் கல்வெட்டில் 30 முதல் 60 வரை. இரண்டாண்டு கழித்து அதைத் திருத்தி 35 முதல் 70 வரை ஆக்கினார்கள். ஆசிரியர் அந்தச் சுவரின் முன் நெடுநேரம் நின்றார்.

“முதற் சட்டப்படி நான் கழிக்கப்பட்டவன். திருத்தத்தின்படி இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது” என்றார்.

நாம் திரும்பி வந்தபோது பட்டறைத் திண்ணையில் ஆசிரியரின் மனைவி அமர்ந்திருந்தார். இரண்டு நாள் முன்பே தம் அண்ணன் வீட்டுக்குப் பேருந்தில் வந்தவர், எங்களுக்குச் சோறு எடுத்துக்கொண்டு வந்திருந்தார். பக்கத்தில் ஒரு துணிப்பை. சாப்பாடு முடிந்தபின் அந்தப் பையை மேஸ்திரியிடம் நீட்டினார். உள்ளே துரு ஏறிய ஓர் இரும்புத் தட்டும், அதன் தாங்கியும், வளைந்த கம்பிகளும்.

சேலை கட்டிய பெண்கள் ஒருபக்கமாய் அமரும்போது கால் வைக்கும் தட்டு அது. கம்பிகள், சேலைத் தலைப்பு சக்கரத்தில் சிக்காதபடி காக்கும் சாரி கார்டு. பத்து ஆண்டுகளுக்கு முன், வண்டிக்கு அழகு கூட்டுகிறேன் என்று இளைய மகன் இவற்றைக் கழற்றிப் பரணில் போட்டிருக்கிறான். அன்றுமுதல் அம்மையார் அவ்வண்டியில் ஏறவில்லை. கால் வைக்க இடமில்லாத வண்டியில் எப்படி ஏறுவது? ஆசிரியரோ, மனைவிக்கு வயதாகிவிட்டது, பயம் வந்துவிட்டது என்றே இத்தனை நாள் எண்ணியிருந்தாராம்.

“என்னிடம் சொல்லியிருக்கலாமே” என்றார் ஆசிரியர்.

“நீங்க கேக்கலையே” என்றார் அம்மையார்.

இதை அழகுப் பொருள் என்று எண்ணுவோர் அறியவேண்டும்: 1989 ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123 ஆம் விதி, பின்னால் அமர்பவருக்குக் கைப்பிடியும், கால்மிதியும், ஆடை சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் காப்பும் இருக்கவேண்டும் என்கிறது. அழகு கூட்டிய மகன் சட்டத்தைக் குறைத்துவிட்டான். அதுபோலவே, 1988 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆம் பிரிவு, தயாரித்தவர் வகுத்த அடிப்படை விவரங்களிலிருந்து பதிவுச் சான்று மாறுபடும்படி வண்டியை மாற்றலாகாது என்கிறது. 2019 இல் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. இயந்திரத்தையோ சட்டத்தையோ மாற்றுவது அத்தகையது. கால்மிதியைச் சில விரற்கடை நகர்த்துவது பதிவுச் சான்றின் எந்த வரியையும் தொடுவதில்லை. ஆயினும் மேஸ்திரியைப்போல மூல உறுப்பைக் காப்பாற்றி வைப்பதே அறிவுடைமை. ஒருபக்கமாய் அமர்வதைவிட இருபுறமும் கால் போட்டு அமர்வதே வண்டியின் சமநிலைக்கு நல்லது என்பதையும் சொல்லிவைக்கிறோம். அம்மையாரிடம் சொன்னோம். “இந்த வயசுல அதைப் பழகச் சொல்றீங்களா தம்பி?” என்று கேட்டுவிட்டார்.

மூன்று மணிக்கு எல்லாம் பூட்டியாயிற்று. கியர் நெம்பின் முனையைத் தண்டின் பற்களில் ஒரு பல் நகர்த்தி மாட்டினார். நியூட்ரல் நெம்பின்மேல் சிறு தகடு ஒன்றைப் பற்றவைத்துக் குதிகாலுக்கு எட்டவைத்தார். பிரேக் பெடலை இறக்கி, கம்பியின் மரையைத் திருகி அளவு சரிசெய்தார். பிறகு நாம் எதிர்பாராத ஒன்றைச் செய்தார். தாமும் பையனும் ஆளுக்கொரு புறம் ஃபுட்ரெஸ்ட்டின்மீது முழுப் பாரத்தோடு ஏறி நின்று குதித்தார்கள். பாரம் தாங்காத கால்மிதி ஓடும்போது முறிந்தால் என்ன ஆகும் என்பதை அவர் சொல்லவேண்டியிருக்கவில்லை. நட்டுகளை மீண்டும் ஒருமுறை முடுக்கி, “நூறு கிலோமீட்டர் ஓடினதும் கட்டாயம் ஒருதரம் முடுக்கணும்” என்று சொன்னார்.

ஆசிரியர் தனியே புறப்பட்டார். ஏரிக்கரை வரை போய்த் திரும்பவேண்டும் என்பது ஏற்பாடு. கால்மணி கடந்தது, அரைமணியும் கடந்தது. மேஸ்திரி பேச்சை நிறுத்திவிட்டுத் தெருமுனையைப் பார்த்தார். அம்மையார் எழுந்து நின்றார். நமக்கு அந்த ஆட்டுக்குட்டி நினைவுக்கு வந்தது. நாற்பது நிமிடம் ஆனபோது, தொலைவில் அந்த ஓசை கேட்டது. மானாம்பதிச் சாலையில் வெகுதூரம் போய்விட்டாராம். வலியைச் சோதிப்பதற்காக நிறுத்தாமல் ஓட்டிப் பார்த்தாராம். இறங்கினார். சுவரைப் பிடிக்கவில்லை. சிறிது நொண்டினார், அவ்வளவே.

“வலி இருக்கா சார்?” என்றார் மேஸ்திரி.

“இருக்கிறது. காலையில் இருந்ததில் பாதி. மூன்றாம் கியரிலிருந்து இரண்டுக்கு வரும்போது வலக்கால் இன்னும் தடுமாறுகிறது. பழைய இடத்தையே தேடுகிறது.”

“பத்து நாள் ஆகும். அதுவரைக்கும் டவுனுக்குள்ள எடுக்காதீங்க.”

மூட்டுத் தேய்மானம் இரும்பை நகர்த்துவதால் ஆறப்போவதில்லை. மருத்துவர் சொன்ன பயிற்சிகளை அவர் செய்தாகவேண்டும். அரைமணிக்கு ஒருமுறை இறங்கி நடக்கவும் வேண்டும். இதை அம்மையார் மேஸ்திரியின் முன்னிலையிலேயே அவரிடம் வாக்குறுதியாய் வாங்கிக்கொண்டார். கூலி கொடுக்கும்போது சிறு வாக்குவாதம் நடந்தது. மேஸ்திரி இரும்புக்கும் திண்டுக்கும் ஆன விலையை மட்டும் வாங்கிக்கொண்டு, பாக்கியைப் பையனிடம் கொடுக்கச் சொன்னார்.

ஆசிரியர் கைப்பேசியை எடுத்து மூத்த மகனை அழைத்தார். நாம் சற்று விலகி நின்றோம். ஆயினும் ஒரு வாக்கியம் காதில் விழுந்தது: “அந்த மனிதரை வரவேண்டாம் என்று சொல்லிவிடு.”

நாம் திரும்பிவரும் வழிக்கு வேறு ஏற்பாடு தேவைப்பட்டது. பின்னிருக்கை நம்முடையதன்று என்பது தெளிவாகிவிட்டது. தலைக்கவசத்தைக் கழற்றி அம்மையாரிடம் கொடுத்தோம். அவர் அதை அணிந்து வாரைப் பூட்டிக்கொண்டு, சேலைத் தலைப்பை இடுப்பில் இறுகச் செருகி, துரு தேய்த்து எண்ணெயிட்ட அந்தத் தட்டின்மேல் காலை வைத்து அழுத்திப் பார்த்தார். பிறகு ஏறி அமர்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டார். அன்றிரவு அண்ணன் வீட்டில் தங்கி மறுநாள் தாம்பரம் திரும்புவதாய்ப் பேச்சு.

ஆசிரியர் ஆம்பியர் முள்ளைப் பார்த்து, மெல்ல ஒரு மிதி மிதித்தார். வண்டி நகர்ந்தது. தெருமுனையில் அவருடைய குதிகால் நியூட்ரல் நெம்பை ஒருமுறை தேடி, கண்டுகொண்டது. நாம் காஞ்சிபுரம் பேருந்தைப் பிடிக்க நிலையத்தை நோக்கி நடந்தோம்.